சும்மா போய்விட்டு வர ஒரு கால இயந்திரம்

1955 நவம்பர் 5. காலப்பயணப் படங்களில் பைத்தியமாக இருக்கிற யாரிடமாவது இந்தத் தேதியைச் சொல்லிப் பாருங்கள், மீதிக் கதையை அவரே சொல்லிவிடுவார். 1985இல் வந்த ‘பேக் டு த ஃபியூச்சர்’ படத்தில் மார்ட்டி என்ற பதினேழு வயதுப் பையன் டெலோரியன் காரில் ஏறி, முப்பது வருடம் பின்னால் போய் இறங்கும் நாள் அது. இறங்கியவனுக்கு வந்த கஷ்டம் என்ன? அம்மாவாகப் போகிற பெண்ணுக்கு அவன் மேலேயே ஆசை வந்துவிடுகிறது. அவளை எப்படியாவது அப்பாவோடு சேர்த்துவைக்க வேண்டும், இல்லாவிட்டால் இவன் பிறக்கவே மாட்டான். அவ்வளவுதான் சிக்கல். நடுவில் ஸ்கேட்போர்ட் ஓட்டுகிறான், கிட்டார் வாசிக்கிறான், ஊர் ரவுடியை எரு வண்டியில் மோதவைக்கிறான்.

எனக்கு இந்தப் படம் என்றால் உயிர். இப்போதும் எங்காவது ஓடினால் நின்று பார்ப்பேன். ஆனால் அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் அமெரிக்காவில் உண்மையாக என்ன நடந்தது என்று தேடிப் பார்த்த பிறகு, அதே படம் கொஞ்சம் வேறு மாதிரித் தெரிகிறது. 1955 ஓகஸ்டில் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவனைக் கடத்திக் கொன்றார்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் மரியாதை இல்லாமல் நடந்துகொண்டான் என்பது அவன் மேல் சொல்லப்பட்ட குற்றம். கொன்றவர்களை அடுத்த மாதமே நீதிமன்றம் விடுதலை செய்தது. டிசெம்பர் 1ஆம் தேதி அலபாமாவில் ரோசா பார்க்ஸ் பஸ்ஸில் எழும்பி இடம்கொடுக்க மறுத்துக் கைதானார். மார்ட்டி 1955ஐ விட்டுத் திரும்பியது நவம்பர் 12. மூன்று வாரம்கூட இடைவெளி இல்லை.

இதெல்லாம் படத்தில் சுத்தமாக இல்லை என்றும் சொல்ல முடியாது. தேநீர்க்கடை மாதிரியான ஒரு இடத்தில் கூட்டித் துடைக்கிற கோல்டி வில்சன் என்ற கறுப்பின இளைஞன் வருகிறான். எதிர்காலத்தில் அவன் அந்த ஊருக்கே மேயர். அந்த யோசனையை அவன் தலையில் போடுவது யார்? மார்ட்டி. அப்புறம் அந்த நடன விருந்து. மேடையில் வாசிக்கிற கறுப்பினக் குழுவின் கிட்டார்காரருக்குக் கையில் காயம். மார்ட்டி ஏறி, சக் பெரி 1958இல் வெளியிடப் போகிற பாட்டை வாசிக்கிறான். காயம்பட்ட கிட்டார்காரர் ஓடிப்போய்த் தன் உறவுக்காரர் சக் பெரிக்கே போன் எடுத்து, நீ தேடிக்கொண்டிருந்த சத்தம் இதுதான் என்று ரிசீவரைத் தூக்கிப் பிடிக்கிறார். நல்ல பகிடிதான், நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் அந்த நவம்பரில் சக் பெரி எதையும் தேடிக்கொண்டிருக்கவில்லை. அவருடைய ‘மேபெலீன்’ அந்த வருடம் ஜூலையிலேயே வெளியாகி நாடெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது.

படத்தை எடுத்தவர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. அந்தப் படத்தின் குதூகலத்துக்கு ஒரு அத்திவாரம் இருக்கிறது, அதைத்தான் காட்டப் பார்க்கிறேன். கடந்த காலத்தில் எங்கே இறங்கினாலும் யாரும் தன்னை நிறுத்திக் கேள்வி கேட்க மாட்டார்கள் என்ற உறுதி மார்ட்டிக்கு இருக்கிறது. உடுப்பு விநோதம் என்று சிரிப்பார்கள், அதோடு சரி. மார்ட்டியை ஒரு கறுப்பினப் பையனாக மாற்றிப் பாருங்கள். தேநீர்க்கடைக் காட்சியிலேயே கதை வேறு பக்கம் திரும்பிவிடும். திரைப்படத்தில் எல்லாரும் இடம்பெற வேண்டும் என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் முகங்களை எண்ணுகிறார்கள். காலப்பயணக் கதையில் முகம் மாறினால் ஊர் மாறும், வருடம் மாறும், கதையின் முடிச்சே மாறும்.

இதை நன்றாக விளங்கிக்கொண்டு எழுதியவர் ஒக்டேவியா பட்லர். அவருடைய ‘கின்ட்ரெட்’ நாவல் 1979இல் வந்தது. 1976இல் கலிபோர்னியாவில் வாழ்கிற டேனா என்ற கறுப்பினப் பெண், அடிமைமுறை இருந்த காலத்து மேரிலாண்டுக்கு இழுத்துப் போகப்படுகிறாள். ஒரு தடவை அவளுடைய வெள்ளைக்காரக் கணவனும் கூடவே போய்விடுகிறான். இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே வருடத்தில் நிற்கிறார்கள். அவன் அங்கே விருந்தாளி. அவள் அவனுடைய சொத்து என்று சொன்னால்தான் அவளால் அங்கே இருக்க முடியும்.

நாவலின் அந்தப் பகுதியை வாசித்தபோது எனக்கு எங்கள் மட்டக்களப்பின் கல்லடிப் பாலம்தான் ஞாபகம் வந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. டவுனில் டியூஷன். முஸ்லிம் ஊரான காத்தான்குடியில் இருந்து நண்பன் சைக்கிளில் வருவான், கல்லடியில் நான் சேர்ந்துகொள்வேன். அப்போது புதுப் பாலம் இல்லை, 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலம் மட்டும்தான். பாலத்துக்கு முன்னால் இருந்த சோதனைச் சாவடியில் எல்லாரும் இறங்கி, ஐ.சி.யை, அதாவது அடையாள அட்டையை, கையில் பிடித்தபடி வரிசையில் நடக்க வேண்டும். அட்டையில் முஸ்லிம் பெயரைப் பார்த்ததும் அவனைப் போகச் சொல்வார்கள். தமிழனான என்னை ஒரு பக்கமாக நிற்கச் சொல்வார்கள். தலையாட்டி, அதாவது தலையை ஆட்டி ஆட்களைக் காட்டிக்கொடுக்கிறவர், இருக்கிற நாளென்றால் இன்னும் நேரம் எடுக்கும். முகத்தை மூடிய ஒரு உருவம் ஜீப்புக்குள் இருக்கும், அதன் முன்னால் ஒவ்வொருவராகப் போய் நிற்க வேண்டும், அந்தத் தலை ஆடக் கூடாது. அவன் அந்தப் பக்கம் இரண்டு சைக்கிளையும் பிடித்துக்கொண்டு நிற்பான். திரும்பி வந்தால் என்ன நடந்தது என்று கேட்க மாட்டான், “இண்டைக்கும் கெமிஸ்ட்ரி முதல் பாடம் போச்சு” என்று மட்டும் சொல்வான்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. அன்று கொழும்பிலும் நீர்கொழும்பிலும் குண்டுகளை வெடிக்கவைத்த கும்பலின் தலைவன் காத்தான்குடிக்காரன். அதன் பிறகு காத்தான்குடி என்று ஐ.சி.யில் இருந்தாலே போதும். என் நண்பன் இப்போது ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறான். அந்தக் காலத்தில் ஒருநாள் இரண்டு பேரும் அவனுடைய மோட்டார் சைக்கிளில் டவுனுக்குள் போகும்போது மறித்தார்கள். என் அட்டையைப் பார்த்துவிட்டுத் தந்துவிட்டார்கள். அவனுடைய பையைத் திறக்கச் சொன்னார்கள். திருத்தாத விடைத்தாள் கட்டு ஒன்று, சிவப்புப் பேனை, சாப்பாட்டுப் பெட்டி, ஒரு பென் டிரைவ். பென் டிரைவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் அந்த இளைஞர். இதில் என்ன இருக்கிறது? படம். என்ன படம்? நண்பன் தனக்குத் தெரிந்த சிங்களத்தில், காலத்தில் பின்னால் போகிற படம் என்று விளங்கப்படுத்த ஆரம்பித்தான். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. இரண்டு ஹெல்மெட்டையும் பிடித்துக்கொண்டு இந்த முறை நான்தான் ஓரமாக நின்றேன்.

அதே வீதி, அதே இரண்டு பேர். வருடம் மட்டும் வேறு. எந்த வருடத்தில் இறங்குகிறோம் என்பதைப் பொறுத்து, எங்களில் யார் விருந்தாளி, யார் சந்தேக நபர் என்று மாறிவிடுகிறது.

அந்தக் கிழமைகளில்தான், மே 17ஆம் தேதி, நெட்ஃபிளிக்ஸில் ‘சீ யூ யெஸ்டர்டே’ வந்தது. ஸ்டெஃபோன் பிரிஸ்டல் என்ற இளம் இயக்குநரின் முதல் முழுநீளப் படம், தயாரித்தவர் ஸ்பைக் லீ. கதை நியூயோர்க்கின் புரூக்ளினில், கரீபியன் தீவுகளில் இருந்து வந்த குடும்பங்கள் நிறைய வாழ்கிற பகுதியில் நடக்கிறது. சி.ஜே. என்ற பெண்ணும் செபாஸ்டியன் என்ற பையனும் அறிவியல் பாடசாலை மாணவர்கள். கராஜுக்குள் இருந்துகொண்டு, முதுகில் மாட்டுகிற பை அளவில் கால இயந்திரம் செய்துவிடுகிறார்கள். எதற்காக? கண்காட்சியில் காட்டிப் பல்கலைக்கழகத்துக்கு உதவித்தொகை வாங்க. நம்முடைய பிள்ளைகள் பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கிற இசட் ஸ்கோருக்காகச் செத்துப் பிழைக்கிற மாதிரித்தான். இவர்களுடைய ஆசிரியராக வருபவர் மைக்கேல் ஜே. ஃபொக்ஸ், அதாவது நம்முடைய மார்ட்டியேதான், வயதானவராக. அவர் கையில் வைத்து வாசித்துக்கொண்டிருக்கிற புத்தகம் ‘கின்ட்ரெட்’. இந்த ஒரு காட்சிக்காகவே அந்த இயக்குநருக்குக் கை கொடுக்கலாம்.

முதல் பயணத்தில் சி.ஜே. என்ன செய்கிறாள் தெரியுமா? ஒரு நாள் பின்னால் போய், தன் பழைய காதலன் மேல் ஐஸ் பானத்தை ஊற்றுகிறாள். மனிதகுலத்தின் மாபெரும் கண்டுபிடிப்பு கையில் கிடைத்ததும் ஒரு பதினேழு வயதுப் பிள்ளை அதைத்தானே செய்யும்! படத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் அது. ஆனால் அந்தக் குறும்பு அதிக நேரம் நீடிப்பதில்லை. கடை ஒன்றைக் கொள்ளையடித்தவர்களைத் தேடிவந்த பொலிஸார், ஆள் மாறி, அவளுடைய அண்ணனைச் சுட்டுவிடுகிறார்கள். அதற்குப் பிறகு படம் முழுக்க அந்த ஒரு நாளுக்குத்தான். போகிறாள், மாற்றுகிறாள், வேறு யாரோ சாகிறார்கள். மறுபடியும் போகிறாள். கடைசிக் காட்சியிலும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறாள், அண்ணன் தப்பினானா என்று நமக்குச் சொல்லாமலே படம் முடிந்துவிடுகிறது.

பார்த்து முடித்ததும் நண்பன் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், “சரியான படம் மச்சான், பொய் சொல்லல்ல” என்றான். எனக்கும் அதில் மறுப்பில்லை. ஆனாலும் மனசுக்குள் ஒரு குறை கிடந்தது. அது என்ன என்று பிடிபட்டது இரண்டு வருடம் கழித்து ‘மாநாடு’ பார்த்தபோதுதான்.

வெங்கட் பிரபுவின் ‘மாநாடு’ 2021இல் வந்தது. சிலம்பரசன் ஏற்ற பாத்திரத்தின் பெயர் அப்துல் காலிக். தமிழில் ஒரு பெரிய நட்சத்திரம், இவ்வளவு பெரிய படத்தில், முஸ்லிம் நாயகனாக, அதுவும் வில்லனாகவோ நாயகனின் நண்பனாகவோ இல்லாமல் வருவது சின்ன விஷயமா? எங்கள் பக்கத்தில் அந்தப் பெயருக்கே கைதட்டியவர்கள் உண்டு. துபாயில் இருந்து அவன் வருவது ஒரு கல்யாண வீட்டுக்கு, கூட்டாளியின் காதலைச் சேர்த்துவைக்க. நல்ல கலகலப்பான வேலை. ஆனால் ஒரு முதலமைச்சர் கொலையும், அந்தப் பழியை முஸ்லிம்கள் மேல் போட்டுக் கலவரம் மூட்டுகிற சதியும் குறுக்கே வந்துவிடுகின்றன. அன்றிலிருந்து ஒரே நாள் அவனுக்குத் திரும்பத் திரும்ப விடிகிறது. கல்யாண வீடு எங்கேயோ போய்விடுகிறது. அவன் நாட்டைக் காப்பாற்றியாக வேண்டும். இந்தச் சக்தி அவனுக்கு எப்படி வந்தது என்று கேட்டால், அவன் பிறந்தது உஜ்ஜயினியின் காலபைரவர் கோவிலில் என்று படம் சொல்கிறது. இந்த இடத்தில் நண்பன் சொன்னதை அப்படியே தருகிறேன்: “பாத்தியா, எங்கட ஆள் உலகத்தக் காப்பாத்திறதுக்கும் ஒரு சிபாரிசுக் கடிதம் வேணும்.”

விழுந்து விழுந்து சிரித்தோம். ஆனால் சி.ஜே.யையும் காலிக்கையும் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். இரண்டு பேருக்கும் முதல் இருபது நிமிஷம்தான் சொந்தம். அதற்குள் குறும்பு செய்தால் செய்ததுதான். பிறகு அவரவர் இனத்தின் காயம் வந்து இயந்திரத்தின் பிடியை வாங்கிக்கொள்கிறது. மார்ட்டிக்கு அப்படி யாரும் வேலை கொடுக்கவில்லை. கென்னடி கொலையைத் தடுத்து வா என்று அவனை யாரும் அனுப்பவில்லை. அவன் தன் குடும்பத்துச் சோலியை மட்டும் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருகிறான், வீட்டில் புது வாகனம் நிற்கிறது.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது, ‘டெனெட்’ மாதிரி. 2020இல் வந்த அந்தப் படத்தில் காலத்தோடு விளையாடும் நாயகன் ஒரு கறுப்பின நடிகர், ஜோன் டேவிட் வாஷிங்டன். அவனுடைய நிறத்தைப் பற்றிப் படம் வாயே திறக்கவில்லை, இதுதான் முன்னேற்றம் என்று பலர் பாராட்டினார்கள். இருக்கலாம். அவனுக்குக் காயம் இல்லைதான். ஆனால் அம்மாவும் இல்லை, ஊரும் இல்லை, கடைசிவரை ஒரு பெயர்கூட இல்லை. இப்படி ஒருவனைப் பார்த்து யாருக்கு ‘அட, நம்ம ஆள்’ என்று தோன்றும்? எனக்குத் தோன்றவில்லை.

என் குறையை நண்பனிடம் சொன்னபோது அவன் ஒத்துக்கொள்ளவில்லை. “அண்ணனைச் சுட்டத விட்டுப்போட்டு ஐஸ் ஊத்திறதையே ஒன்றரை மணித்தியாலம் காட்டினா, அது ஆருட படம்?” என்றான். கேள்வியில் நியாயம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் நாட்காட்டியே அப்படித்தான் ஓடுகிறது. அம்மாவுக்கு எல்லாமே சூறாவளிக்கு முதல், சூறாவளிக்குப் பிறகு. 1978 நவம்பர் 23இல் அடித்த சூறாவளியை அவர் போன மாதம் நடந்த மாதிரிச் சொல்வார். அடுத்த தலைமுறைக்கு அந்த இடத்தில் தொண்ணூறாம் ஆண்டு. அதற்கடுத்தவர்களுக்குச் சுனாமி. அம்பாறைப் பக்கத்துப் பழைய ஆட்களிடம் பேசினால் இன்னும் பின்னால் போவார்கள், 1956 ஜூனில் கல்லோயாவில் தமிழர்களை வெட்டியதில் இருந்து தொடங்குவார்கள். மார்ட்டி கிட்டார் வாசித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை அப்போது.

தொண்ணூறை எடுத்தால், ஓகஸ்ட் 3ஆம் தேதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டவர்களைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். செப்டெம்பர் 5ஆம் தேதி வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதியாக இருந்த தமிழர்களில் 158 பேரை இராணுவம் ஏற்றிக்கொண்டு போனது, ஒருவரும் திரும்பவில்லை. நாலு நாள் கழித்துச் சத்துருக்கொண்டான். ஒரே கோடைக்குள், பத்துப் பன்னிரண்டு மைல் சுற்றளவுக்குள், இவ்வளவும். அவனுக்கு ஓகஸ்ட், எனக்குச் செப்டெம்பர். இரண்டு பேரையும் ஒரு இயந்திரத்தில் ஏற்றி 1990க்கு அனுப்பினால், முதலில் எந்த மாதத்தில் இறங்குவது என்றே சண்டை வரும். அந்தச் சண்டை படமாக வர வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வந்தால் தியேட்டரில் முதல் ஆளாக நிற்பேன்.

ஆனால் அது ஒன்று மட்டும்தான் நம் படம் என்றால் எனக்கு ஏமாற்றம்தான். அடிபட்டவர்கள் எல்லாரும் கடந்த காலத்துக்கு வேலையாகத்தான் போக வேண்டும், சும்மா போய்விட்டு வர மற்றவர்களுக்குத்தான் அனுமதி என்று ஒரு எழுதாத சட்டம் இருக்கிற மாதிரிப் படுகிறது. திரையில் நமக்குச் சமமான இடம் கிடைத்ததா இல்லையா என்று நான் இப்போதெல்லாம் பார்க்கிற இடம் அதுதான். நம்மில் ஒருவருக்குக் கால இயந்திரம் கிடைத்து, அவர் உப்புக்குச் சப்பில்லாத காரியம் ஒன்றுக்கு அதைப் பாவித்து, அதையும் ஜனங்கள் காசு கொடுத்துப் பார்க்கிறார்களா?

இந்தக் கோணத்தில் ஒருநாள் மூன்று பேரும் விளையாடிப் பார்த்தோம். மூன்றாவது ஆள் என் அக்காவின் மகள், ஏ.எல். (உயர்தரம்) படிக்கிறாள், படம் என்றால் என்னைவிடப் பைத்தியம். விதி ஒன்றுதான்: யாரையும் காப்பாற்றக் கூடாது. நண்பன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மண்டூர்ப் பாதைக்குப் போக வேண்டும் என்றான். பாதை என்றால் எங்கள் பக்கத்தில் வாவியைக் கடக்கிற மிதவை. அவனுடைய வாப்பா எழுபதுகளில் புடவைக் கட்டைச் சைக்கிளில் ஏற்றி, குருமண்வெளியில் பாதையில் வாவியைக் கடந்து, அதன் மேற்குப் பக்கமான படுவான்கரை ஊர்களில் விற்றவர். வெள்ளாமை வெட்டிய பிறகு காசு, அதுவரை கடன். திரும்பும்போது சைக்கிளின் பின்னால் தயிர் முட்டி கட்டியிருக்கும். பாதை நடு ஆற்றில் நிற்கும்போது அந்த முட்டியில் ஒன்றை உடைத்து, ஏறியிருந்த ஆட்கள் எல்லாருமாகச் சாப்பிட்டு முடித்துவிட்டு, வீட்டில் உம்மாவிடம் முட்டி தவறி விழுந்துவிட்டது என்று சொல்வாராம். “அந்தத் தயிரில் எனக்கு ஒரு பங்கு வேணும். வேற ஒண்டும் வேணாம்.”

எனக்கு என் அம்மப்பாவின் கூத்தைப் பார்க்க வேண்டும். வடமோடி என்ற கூத்து வகையில் அருச்சுனனாக ஆடினாராம். கரப்புடுப்பு என்ற கூத்து உடையைக் கட்டி, விடியப்புறம் ஆடுகிற களரிக்கு வந்து நின்ற நேரத்தில் பாட்டு மறந்துவிட்டதென்றும், கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் மத்தளத்தை நிறுத்திவிட்டுச் சபை நடுவே ஏசினாரென்றும் அம்மம்மா சொல்வார். மறக்கவில்லை, அண்ணாவியார்தான் தாளத்தைப் பிழையாக அடித்தார் என்று அம்மப்பா சாகும்வரை சாதித்தார். யார் சொன்னது உண்மை என்று தெரிந்தால் போதும், திரும்பி வந்துவிடுவேன்.

மருமகள் கூச்சமே இல்லாமல், “கணிதப் பேப்பருக்கு முதல் நாளுக்குப் போவன்” என்றாள். அது காப்பாற்றுவதில் சேருமா சேராதா என்று விவாதம் வந்தது.

இப்போது அவள் போனிலேயே ஒரு குறும்படம் எடுக்கப் போகிறாள். கால இயந்திரம் ஒரு ஆட்டோ. மீட்டரில் ரூபா ஓடுகிற இடத்தில் வருடம் ஓடும். ஸ்கிரிப்டை எங்கள் இரண்டு பேருக்கும் வாசித்துக் காட்டினாள். எனக்குப் பிடித்தது, அதில் ஊர் முழுக்க இருந்தது. டச்சுப் பார் என்ற இடத்தில், போர்த்துக்கேய வழிவந்த ஒரு பறங்கியர் வீட்டில் பழைய போர்த்துக்கேயத்தில் பேசிக்கொள்கிறார்கள், சப்டைட்டில் போடுவதா வேண்டாமா என்று ஓரத்தில் கேள்விக்குறி. வாகரைப் பக்கத்துக் கடலோர வேடர் சமூகப் பெண் ஒருத்தி ஆட்டோவில் ஏறி, சொன்ன வருடத்துக்குக் காசு கூட என்று பேரம் பேசுகிறாள். இவர்கள் எல்லாம் நான் பார்த்த எந்தக் கதைப் படத்திலும் வந்ததில்லை.

“எனக்கு என்ன ரோல்?” என்றான் நண்பன்.

“நீங்க கடைக்காரர் அங்கிள். சாமான் சுத்திக் குடுக்கிற பேப்பரில இருக்கிற தேதியப் பாத்துத்தான் அவங்க எந்த வருசம் எண்டு கண்டுபிடிக்கிறாங்க. முக்கியமான ரோல்.”

நண்பன் என்னைத் திரும்பிப் பார்த்தான். “பாத்தியா மச்சான், உன்ட மருமகள்ட படத்திலயும் நாங்க கடைக்காரன்தான். நான் இருபது வருசமா பௌதிகவியல் படிப்பிக்கிறன்.”

அவள் முகம் சிவந்துவிட்டது. உடனே பேனையை எடுத்து வெட்டினாள். அப்படியென்றால் ஆட்டோ டிரைவர் நீங்கள்தான், இயந்திரத்தைச் செய்ததும் நீங்கள்தான் என்றாள். நண்பன் விடவில்லை, நிபந்தனை போட ஆரம்பித்தான். படத்தில் எந்த வருடத்திலும், எந்தச் சந்தியிலும், யாரும் அவனிடம் ஐ.சி. கேட்கக் கூடாது. அவள் முடியாது என்கிறாள். தொண்ணூற்றாறாம் வருடத்துக் காட்சியில் கேட்காமல் விட்டால் பார்க்கிறவர்கள் நம்ப மாட்டார்களாம். கேட்கட்டும், ஆனால் பின்னால் இருக்கிற என்னிடம் கேட்கட்டும் என்று நான் இடையில் புகுந்து சொன்னதை இரண்டு பேருமே எடுக்கவில்லை. பெருநாள் லீவுக்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் படப்பிடிப்பைத் தொடங்கலாம், ஆட்டோ மட்டும் பேசி வைத்திருக்கிறோம்.